யாருடைய இடம் யாருக்குப் போகிறது?

கல்லூரிச் சேர்க்கையில் சாதிவாரி இட ஒதுக்கீடு நியாயமா என்ற கேள்வி ஒவ்வொரு கலந்தாய்வுக் காலத்திலும் எழுகிறது. கட்-ஆஃப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஓர் இடம் எந்தெந்த வழியாக, யார் யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்று பார்த்தால்தான் பதில் தெரியும்.

பிளஸ் டூ முடிவு வந்த அன்று மாலையே தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு கணக்கு தொடங்கிவிடும். கணிதத்தில் வாங்கியதை 100-க்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். இயற்பியலையும் வேதியியலையும் ஐம்பது ஐம்பதாகக் குறைக்க வேண்டும். மூன்றையும் கூட்டினால் 200-க்கு இவ்வளவு. கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் போன வருடம் எதில் முடிந்தது, கோவையில் எதில் முடிந்தது என்று பழைய பட்டியலைத் தேடுவார்கள். அந்தப் பட்டியலில் ஒரே படிப்புக்கு ஓ.சி, பி.சி, பி.சி.எம், எம்.பி.சி, எஸ்.சி, எஸ்.சி.ஏ, எஸ்.டி என்று ஏழு பிரிவுகள் இருக்கும். அவற்றைப் பார்த்துவிட்டுச் சில பெற்றோர் ஆற்றாமையோடு சொல்வார்கள்: "நம்ம பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய சீட்டை வேற யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க."

அந்த வருத்தம் உண்மையானது. இரண்டு ஆண்டுகள் விளையாட்டையும் தூக்கத்தையும் விட்டுப் படித்த 17 வயதுப் பிள்ளை, அரை மதிப்பெண்ணில் விரும்பிய படிப்பை இழக்கும்போது வலிக்கத்தான் செய்யும். அந்தப் பிள்ளையிடம் வரலாற்றுப் பாடம் நடத்துவது மட்டும் பதிலாகிவிடாது. கணக்கை முழுதாகக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டினால் மூன்று விஷயங்கள் தெளிவாகும். சாதிவாரி இட ஒதுக்கீடு நியாயமானது. அதைவிடப் பெரிய சலுகைகள் பணத்தின் வழியாக, எந்த எதிர்ப்பும் இல்லாமல் நடக்கின்றன. இட ஒதுக்கீட்டுக்குள்ளேயும் கடைசி வரிசையில் நிற்பவர்களுக்கு இன்னும் நியாயம் கிடைக்கவில்லை.

200 இடங்களின் கணக்கு

ஒரு படிப்பில் 200 இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் 69 சதவிகித இட ஒதுக்கீட்டின்படி பிற்படுத்தப்பட்டோருக்கு 53, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 7, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 40, பட்டியல் சாதியினருக்கு 36 (அதில் அருந்ததியருக்குத் தனியாக 6), பழங்குடியினருக்கு 2. மீதி 62 இடங்கள் பொதுப் போட்டிக்கு.

பெரும்பாலானோர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இந்த 62 இடங்களைத்தான். ஓ.சி என்றால் முன்னேறிய சாதிகளுக்கு ஒதுக்கிய இடம் என்று நினைக்கிறார்கள். அப்படி ஓர் ஒதுக்கீடே கிடையாது. அந்த 62 இடங்களும் எல்லோருக்கும் திறந்தவை. தரவரிசையில் முதலில் வருபவர் அருந்ததியராக இருந்தாலும் இருளராக இருந்தாலும் அவருக்குப் பொதுப் போட்டியில்தான் இடம். அவர் எடுத்த இடம் அவருடைய பிரிவின் கணக்கில் சேராது. பொதுப் போட்டி இடங்கள் மதிப்பெண் வரிசைப்படி தீர்ந்த பிறகுதான் ஒவ்வொரு பிரிவின் ஒதுக்கீடும் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்கள் பொதுப் போட்டி இடங்களைத் தம் மதிப்பெண்ணாலேயே பெருமளவில் பெறுகிறார்கள். நீட் வருவதற்கு முன் மருத்துவச் சேர்க்கையில் பொதுப்பிரிவுக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் இடையிலான கட்-ஆஃப் வித்தியாசம் ஓரிரு மதிப்பெண்களுக்குள் சுருங்கியிருந்தது.

இரண்டு தலைமுறைக்கு முன்பு கல்லூரி வாசலையே பார்க்காத குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பொதுப் போட்டியிலேயே முந்துகிறார்கள். இட ஒதுக்கீடு தகுதியைக் குறைக்கிறது என்று சொல்பவர்கள் முதலில் இதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

14 இடங்களில் தொடங்கிய வழக்கு

இந்தக் கணக்குக்கு நூறாண்டு வயது. நீதிக்கட்சி ஆட்சியில் 1921-இல் சென்னை மாகாணத்தில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவ அரசாணை வந்தது. அமைச்சர் எஸ். முத்தையா முதலியார் அதை 1928-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அரசு வேலையில் 12 இடங்கள் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1. 1947-இல் இந்த விகிதம் 14 இடங்களாக மாற்றப்பட்டபோது, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு முதன்முறையாகத் தனியாக 2 இடங்கள் கிடைத்தன. மருத்துவ, பொறியியல் கல்லூரிச் சேர்க்கைக்கும் இதே விகிதம்தான்.

அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த 1950-லேயே இந்த ஆணை நீதிமன்றத்துக்குப் போனது. செண்பகம் துரைராஜன் என்பவர், தான் பிராமணர் என்பதால் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்று வழக்குத் தொடுத்தார். அவர் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்திருக்கவில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இது பதிவாகியிருக்கிறது. ஆனாலும் உயர் நீதிமன்றமும், 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் வகுப்புவாரி ஆணையைச் செல்லாததாக்கின. பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் தெருவில் இறங்கினார்கள். நேரு அரசு அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டத்தை முதன்முறையாகத் திருத்தி, 15-ஆவது பிரிவில் நான்காம் உட்பிரிவைச் சேர்த்தது. சமூகரீதியாகவும் கல்விரீதியாகவும் பின்தங்கியவர்களுக்கு அரசு சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்பது அதன் சாரம். இந்தியா முழுவதும் இன்று கல்லூரிகளில் நடக்கும் இட ஒதுக்கீட்டுக்கு அந்த ஒரு வரிதான் தொடக்கம்.

அதன்பின் நடந்தது படிப்படியான வளர்ச்சி. பிற்படுத்தப்பட்டோர் நிலையை ஆராய்ந்த சட்டநாதன் குழுவின் அறிக்கைக்குப் பிறகு, 1971-இல் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 25-இலிருந்து 31 ஆனது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 16-இலிருந்து 18 ஆனது. 1980-இல் பிற்படுத்தப்பட்டோருக்கு 50. 1987-இல் வன்னியர் சங்கப் போராட்டத்தில் 21 உயிர்கள் பலியான பின், 1989-இல் அந்த 50-க்குள் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 பிரித்துத் தரப்பட்டது. 1990-இல் பழங்குடியினருக்குத் தனியாக 1. மொத்தம் 69.

1992 நவம்பரில், மத்திய அரசு வேலைகளில் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு குறித்த மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 50 சதவிகிதத்தை உச்ச வரம்பாக வைத்தது. தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. 1994-இல் 76-ஆவது திருத்தத்தின் மூலம் அந்தச் சட்டம் அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் ஏறியது. வழக்கு அதோடு ஓயவில்லை. 50 சதவிகித வரம்பு இருந்திருந்தால் இடம் கிடைத்திருக்கும் என்ற நிலையில் உள்ள பொதுப்பிரிவு மாணவர்களுக்குக் கூடுதல் இடங்களை உருவாக்கித் தரும்படி உச்ச நீதிமன்றம் பல ஆண்டுகள் இடைக்கால உத்தரவுகளைப் பிறப்பித்தது. 69 சதவிகிதத்தால் பொதுப்பிரிவு மாணவர்கள் நிர்க்கதியாக விடப்பட்டார்கள் என்ற பேச்சில் இந்தப் பகுதி மட்டும் எப்போதும் விடுபட்டுப்போகிறது.

வருமானத்தை வைத்துத் தரக் கூடாதா?

நல்லெண்ணத்தோடு கேட்கப்படும் கேள்வி இது. பணக்காரப் பிற்படுத்தப்பட்டவரின் மகனுக்குச் சலுகை, ஏழை அர்ச்சகரின் மகளுக்கு இல்லை என்றால் அது நியாயமா?

தமிழ்நாடு இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. 1979-இல் எம்.ஜி.ஆர் அரசு, ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் உள்ள பிற்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு ஒதுக்கீடு இல்லை என்று ஆணையிட்டது. பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க 2 இடங்களில் மட்டும் வென்றது. ஆணையைத் திரும்பப் பெற்றதோடு ஒதுக்கீட்டை 50 சதவிகிதமாகவும் உயர்த்தினார் எம்.ஜி.ஆர். வாக்குக்குப் பயந்து எடுத்த முடிவு என்று இதைச் சொல்வார்கள். ஆனால் அந்த எதிர்ப்புக்குள் ஒரு வாதம் இருந்தது. மாதச் சம்பளம் வாங்கும் முதல் தலைமுறை குமாஸ்தாவின் பிள்ளையை வருமான வரம்பு வெளியே தள்ளிவிடும். அவனுக்கும் கீழே இருப்பவன் இன்னும் பிளஸ் டூ வரை வந்திருக்கவில்லை. இடம் காலியாகி, கடைசியில் பொதுப் போட்டிக்குத்தான் போகும்.

வறுமையும் சாதியும் வேறு வேறு தடைகள். வறுமை பணம் வந்தால் நீங்கும். சாதி அப்படி நீங்குவதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், நன்றாகப் படித்த ஒரு தலித் மாணவனையும் அவனது தங்கையையும் உடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டுப்பட்ட மாணவனின் குடும்ப வருமானம் எவ்வளவு என்று அவர்கள் கேட்கவில்லை. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொல்ல வேண்டியிருந்தது. படித்து முடித்து வேலைக்குப் போகும்போதும் இதுவே தொடர்கிறது. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகிய ஆய்வாளர்கள் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை உயர்சாதிப் பெயரிலும் தலித் பெயரிலும் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். தலித் பெயருள்ள விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. 2007-இல் வெளியான ஆய்வு அது. பட்டம் ஒன்று, மதிப்பெண் ஒன்று, பெயர் மட்டும்தான் வேறு.

அப்படியானால் ஏழை அர்ச்சகரின் மகளுக்கு என்ன வழி? அவளுடைய தடை பணம். அதை நீக்க வேண்டியது கல்விக் கட்டண விலக்கு, உதவித்தொகை, விடுதி, நல்ல அரசுப் பள்ளி. 2010 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை அப்படிப்பட்டதுதான். பொருளாதாரத்தில் நலிந்தோருக்கென்று 2019-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த 10 சதவிகிதம் அந்த வழியில் வரவில்லை. ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை உள்ளவர்களை ஏழைகள் என்றது. அதேசமயம் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஏழைகளை அதிலிருந்து முழுவதுமாக விலக்கியது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் 3-க்கு 2 என்ற பெரும்பான்மையில் அதை ஏற்றது. தலைமை நீதிபதி யு.யு. லலித்தும் நீதிபதி ரவீந்திர பட்டும் மாறுபட்டதற்குக் காரணமே இந்த விலக்கல்தான். ஏழைகளில் மிக ஏழைகளை அவர்களுடைய சாதியைச் சொல்லி வெளியே நிறுத்தும் ஒரு சலுகையைப் பொருளாதார நீதி என்று அழைக்க முடியாது.

மதிப்பெண் எதை அளக்கிறது?

"எல்லாம் சரி, டாக்டருக்குத் தகுதி வேண்டாமா?" என்பது அடுத்த கேள்வி. வேண்டும். அந்தத் தகுதியை நாம் எதைக் கொண்டு அளக்கிறோம் என்று பார்ப்போம்.

2006-இல் இயற்றிய சட்டத்தின் மூலம் தொழிற்கல்வி நுழைவுத் தேர்வைத் தமிழ்நாடு ஒழித்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோல் ஆனது. 2017-இல் நீட் வந்தது. 2019 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ்நாடு அரசு ஒரு கணக்கைத் தாக்கல் செய்தது. அந்த ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த 3,081 பேரில், பயிற்சி மையத்துக்குப் போகாமல் இடம் பிடித்தவர்கள் 48 பேர். பள்ளியில் கற்பித்ததை மட்டும் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு அந்தத் தேர்வில் எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்பதை இந்த ஓர் எண் சொல்லிவிடுகிறது. முதல் முறை கிடைக்காவிட்டால் ஒரு வருடம் வீட்டிலிருந்து மீண்டும் எழுத வசதி உள்ளவர்களுக்கே இடம் அதிகம் கிடைத்தது என்பதை நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் ஆவணப்படுத்தியது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிகளிலிருந்து ஏறக்குறைய காணாமல் போன நிலையில்தான், 2020-இல் அவர்களுக்கு 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு வந்தது. ஆளுநர் ஒப்புதல் வாரக்கணக்கில் தாமதமாக, அரசு அக்டோபர் 29-ஆம் தேதி ஆணையாகவே வெளியிட்டது. மறுநாள் ஒப்புதல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த அரசுப் பள்ளி மாணவர்கள், முதல் ஆண்டிலேயே மருத்துவத்திலும் பல் மருத்துவத்திலுமாக 400-ஐ ஒட்டி இடம் பெற்றார்கள். ஓராண்டில் அந்தப் பிள்ளைகளின் அறிவு பல மடங்கு கூடிவிடவில்லை. அடைத்து வைத்திருந்த வழி திறக்கப்பட்டது, அவ்வளவுதான்.

2022 ஜனவரியில் நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், ஏ.எஸ். போபண்ணா அமர்வு சொன்னதும் இதுவே. போட்டித் தேர்வின் மதிப்பெண், ஒருவருக்குத் தலைமுறை தலைமுறையாகக் கிடைத்த சமூக, பொருளாதார, பண்பாட்டு அனுகூலங்களைக் காட்டுவதில்லை. எனவே தகுதியைச் சமூகச் சூழலோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. மருத்துவத்தின் அகில இந்தியத் தொகுப்பில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவிகிதம் தருவது செல்லும் என்று சொன்ன வழக்கு அது. மாநிலங்கள் விட்டுக்கொடுக்கும் அந்த இடங்களில் அதுவரை பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கீடே இருந்ததில்லை. தமிழ்நாட்டுக் கட்சிகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் போராடி 2020 ஜூலையில் பெற்ற தீர்ப்பிலிருந்துதான் அந்த மாற்றம் தொடங்கியது.

உள்ளே வந்தவர்கள் தரத்தைக் கெடுத்தார்களா? நாட்டின் மிக அதிக இட ஒதுக்கீடுகளில் ஒன்றை வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகளாக மருத்துவர்களை உருவாக்கிவரும் மாநிலம் தமிழ்நாடு. 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் இங்கே இறப்பவை 13. நாட்டின் சராசரி 28. 2018-20 காலத்தில் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு இங்கே 54, நாட்டில் 97. இதற்கு இட ஒதுக்கீடு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். சத்துணவும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் கிராமச் செவிலியர்களும் சேர்ந்து செய்த சாதனை இது. ஆனால் இட ஒதுக்கீட்டால் மருத்துவம் பாழாகும் என்ற கணிப்பு மட்டும் உண்மையாக இருந்திருந்தால், இந்த எண்கள் இப்படி இருந்திருக்காது. சின்ன ஊர் அரசு மருத்துவமனைக்கு இரவுப் பணிக்குப் போகும் டாக்டர், அந்த மண்ணிலிருந்தே படித்து வந்தவராக இருப்பதன் பலனையும் நாம் மறந்துவிடக் கூடாது.

மருத்துவத்துக்கு வெளியேயும் சான்று இருக்கிறது. பொருளாதார ஆய்வாளர்களான அஷ்வினி தேஷ்பாண்டேயும் தாமஸ் வெய்ஸ்காஃபும் இந்திய ரயில்வேயின் இருபதாண்டுத் தரவுகளை ஆராய்ந்தார்கள். பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர்களால் உற்பத்தித்திறன் குறைந்ததற்குச் சான்று இல்லை என்பதும், உயர் பதவிகளில் அவர்கள் பங்கு கூடியபோது சில அளவீடுகளில் திறன் கூடியதும் அவர்கள் கண்ட முடிவு. பொறியியல் சேர்க்கையை ஆராய்ந்த மரியான் பெர்ட்ராண்ட் குழு, ஒதுக்கீட்டால் இடம் பெற்றவர்கள் சராசரியாக இடம் இழந்தவர்களைவிட வசதி குறைந்த குடும்பத்தினர் என்று கண்டது. இடம் இழந்தவர்களுக்கும் வருமான இழப்பு இருந்தது என்பதையும் அதே ஆய்வு பதிவுசெய்தது. இட ஒதுக்கீட்டுக்கு ஒரு விலை உண்டு. அந்த விலை யாரிடமிருந்து, எந்த நியாயத்துக்காக எடுக்கப்படுகிறது என்பதுதான் நாம் பேச வேண்டியது.

யாரும் கேட்காத ஒதுக்கீடு

இனி அந்தப் பெற்றோரின் கேள்விக்கு வருவோம். நம் பிள்ளையின் இடம் எங்கே போனது?

சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பொறியியல் கல்லூரிகளில் 35 சதவிகித இடங்கள் நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன; சிறுபான்மை நிறுவனங்களில் பாதி. அங்கே 69 சதவிகிதக் கணக்கு கிடையாது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஓர் இடத்துக்குக்கூட மாநில இட ஒதுக்கீடு கிடையாது. தனியார் கல்வி நிறுவனங்களிலும் ஒதுக்கீடு செய்யலாம் என்று அரசியல் சட்டத்தின் 93-ஆவது திருத்தம் அனுமதித்து இருபதாண்டுகள் ஆகின்றன. 2014-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுவிட்டது. ஆனால் அந்தத் திருத்தத்தின்படி ஒன்றிய அரசு 2006-இல் இயற்றிய சட்டம் மத்திய நிறுவனங்களோடு நின்றுவிட்டது; நாடு முழுவதுமான தனியார் பல்கலைக்கழகங்களுக்கு இன்றுவரை சட்டம் இல்லை.

மருத்துவத்தில் இதன் விளைவு இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. நீட்டில் தகுதி பெற்று, தரவரிசையில் லட்சங்களுக்கு அப்பால் நிற்கும் ஒருவர், ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்கு மேல் கட்ட முடிந்தால் நிகர்நிலைக் கல்லூரி ஒன்றில் சேர்ந்துவிடலாம். அவரைவிடப் பல மடங்கு முன்னால் நின்ற ஏழை மாணவர், அவர் எந்தச் சாதியாக இருந்தாலும், பணம் இல்லாமல் வீட்டுக்குத் திரும்புகிறார். 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு, முதுநிலை மருத்துவ நீட்டின் தகுதி வரம்பை எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ஜியம் பெர்சென்டைலாகக் குறைத்தது. காலியாகக் கிடக்கும் இடங்களை நிரப்பத்தான் அந்த ஏற்பாடு. தேர்வு எழுதியிருந்தால் போதும், இடம் வாங்கலாம் என்ற நிலை. தகுதிக்காக ஆண்டு முழுவதும் வாதாடுபவர்கள் அப்போது எங்கே போனார்கள்? எஸ்.சி மாணவர் நான்கு மதிப்பெண் குறைந்து வந்தால் தகுதி செத்துவிட்டது என்கிறோம். பணம் உள்ளவர் நூறு மதிப்பெண் குறைந்து வந்தால் அதைச் சேர்க்கை என்கிறோம்.

கடைசி வரிசை

இட ஒதுக்கீட்டை ஆதரிப்பவர்கள் தங்களுக்குள்ளும் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 1970-லேயே சட்டநாதன் குழு ஒன்றைச் சொன்னது. பிற்படுத்தப்பட்டோர் மக்கள்தொகையில் சுமார் 11 சதவிகிதமாக இருந்த 9 சாதிகள், அந்தப் பிரிவினர் பெற்ற பொறியியல் இடங்களில் 44 சதவிகிதத்தையும் மருத்துவ இடங்களில் 47 சதவிகிதத்தையும் பெற்றிருந்தன. இந்திய அளவில், பிற்படுத்தப்பட்டோருக்குள் உள் ஒதுக்கீட்டை ஆராய அமைக்கப்பட்ட ரோகிணி ஆணையம் 2018-இல் மத்திய அரசு வேலைகளையும் மத்தியக் கல்வி நிறுவன இடங்களையும் ஆராய்ந்தபோதும் இதே படம்தான். 97 சதவிகிதப் பயன், பிற்படுத்தப்பட்டோரில் கால் பங்குக்கும் குறைவான சாதிகளிடம் போயிருந்தது. 983 சாதிகளுக்கு ஓர் இடம்கூடக் கிடைத்திருக்கவில்லை. 2023 ஜூலையில் அந்த ஆணையம் தந்த இறுதி அறிக்கையை அரசு பொதுவெளியில் வைக்கவில்லை.

உள் ஒதுக்கீடு பலன் தரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. துப்புரவுத் தொழிலோடு கட்டிப்போடப்பட்ட அருந்ததியர் பிள்ளைகளுக்கு 2009-இல் 3 சதவிகிதம் கிடைத்த பிறகுதான், ஒவ்வொரு தொழிற்கல்வித் தரவரிசையிலும் அவர்களுக்கென்று இடம் உறுதியானது. 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, பட்டியல் சாதிகளுக்குள் உள் ஒதுக்கீடு தரலாம் என்று 6-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அருந்ததியர் ஒதுக்கீடு அதன்பின் உறுதிப்பட்டது.

தரவு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கேயே சான்று இருக்கிறது. 2021 பிப்ரவரி 26 அன்று, சட்டமன்றத் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட அதே நாளில், வன்னியர்களுக்கு 10.5 சதவிகித உள் ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறியது. அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றமும், 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதை ரத்துசெய்தன. வன்னியர்களில் பெரும்பகுதி கல்வியில் பின்தங்கியிருக்கிறார்கள் என்பதை யாரும் மறுக்கவில்லை. அவர்களை மட்டும் தனியாகப் பிரிக்கச் சமகாலத் தரவு அரசிடம் இல்லை என்பதே தீர்ப்பின் சாரம். தேர்தல் அவசரத்தில் செய்ததன் விலையை மாணவர்கள் கொடுத்தார்கள்.

இன்னும் கடைசியில் நிற்பவர்கள் பழங்குடியினர். மற்றப் பிரிவினருக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வந்துவிடும் சாதிச் சான்றிதழ், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியரிடமிருந்து வர வேண்டும். அவர் விசாரணைக்கு வருவார். தாத்தாவின் சான்றிதழைக் கேட்பார். பள்ளிக்கே போகாத தாத்தாவிடம் சான்றிதழ் எங்கே இருக்கும்? இருளர், காட்டுநாயக்கர், மலைக்குறவர் குடும்பங்கள் ஒரு காகிதத்துக்காகப் பிள்ளையின் பள்ளிப் பருவம் முழுவதும் அலைகின்றன. நரிக்குறவர்கள் பல பத்தாண்டுக் கோரிக்கைக்குப் பிறகு 2023 தொடக்கத்தில்தான் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். பட்டியல் சாதியினருக்கே வெளுக்கும் புதிரை வண்ணார்களுக்கும் இதே சான்றிதழ்ச் சிக்கல்தான். ஒதுக்கீடு சட்டத்தில் இருக்கிறது. அதைக் கையில் வாங்க வேண்டிய பிள்ளையிடம் சான்றிதழ் இல்லை. இட ஒதுக்கீட்டின் மிகப் பெரிய அநியாயம் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

செய்ய வேண்டியவை

முதலாவது, கணக்கு. ஒவ்வொரு கலந்தாய்வு முடிந்ததும், எந்தச் சாதியினர் எத்தனை இடம் பெற்றார்கள், அவர்களில் எத்தனை பேர் அரசுப் பள்ளியில் படித்தவர்கள், எத்தனை பேர் வீட்டின் முதல் பட்டதாரி, எத்தனை பேர் பெண்கள் என்று அரசு வெளியிட வேண்டும். மாணவரின் பெயரோ அடையாளமோ வேண்டியதில்லை, எண்கள் போதும். அவை எல்லாம் கலந்தாய்வுக் கணினியில் ஏற்கெனவே இருப்பவை. பீகார் 2023 அக்டோபரில் சாதிவாரிக் கணக்கெடுப்பை வெளியிட்டது. மிகவும் பின்தங்கிய வகுப்பினர் மட்டுமே அங்கே 36 சதவிகிதம் என்று அப்போதுதான் உறுதியானது. 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியைச் சேர்ப்பதாக அறிவித்தது. அந்த எண்கள் வரும்போது, அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கல்லூரிச் சேர்க்கைக் கணக்கும் நம் கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, தனியார் கல்வி. அரசு நிலம், வரிச்சலுகை, அரசின் அங்கீகாரம் ஆகியவற்றைப் பெற்று நடக்கும் நிறுவனங்கள் இட ஒதுக்கீட்டுக்கு வெளியே நிற்பதற்கு நியாயம் இல்லை. அரசியல் சட்டத்தில் தடை இல்லை. இன்னும் சட்டம் வராதது அரசியல் துணிவின்மை.

மூன்றாவது, சான்றிதழ். பழங்குடிப் பிள்ளை முதல் வகுப்பில் சேரும்போதே அரசு விசாரித்து முடித்துச் சான்றிதழைக் கையில் கொடுக்க வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பை அந்தக் குடும்பத்தின் தலையில் சுமத்தக் கூடாது.

நான்காவது, பள்ளி. கல்லூரி வாசலில் தரும் ஒதுக்கீடு, பன்னிரண்டு ஆண்டுகளில் நடந்த அநியாயத்தின் ஒரு பகுதியைத்தான் ஈடுசெய்கிறது. அரசுப் பள்ளியில் கணித ஆசிரியர் இல்லாத ஒவ்வொரு ஆண்டும், எந்த ஒதுக்கீட்டாலும் மீட்க முடியாத சில பிள்ளைகளை நாம் இழக்கிறோம்.

"இட ஒதுக்கீடு எப்போதுதான் முடியும்?" என்று கேட்கிறார்கள். பிள்ளை பிறந்த சாதியை வைத்து, அது கல்லூரிக்குப் போகுமா என்று கணிக்க முடியாமல் போகும் நாளில் முடியலாம். பிற்படுத்தப்பட்டோரில் ஒரு பகுதியினர் பொதுப் போட்டியிலேயே முந்துவதைப் பார்க்கும்போது, அந்த நாள் எட்டாதது என்று சொல்ல முடியாது. உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 2021-22-இல் நாட்டில் 28.4 சதவிகிதமாக இருந்தபோது, தமிழ்நாட்டில் 47 சதவிகிதம். நூறாண்டு இட ஒதுக்கீட்டுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் எந்தச் சாதி அந்த நாளை நெருங்கிவிட்டது, எது இன்னும் தொடங்கவே இல்லை என்பதை அரசின் பொதுக் கணக்கிலிருந்து யாரும் சொல்ல முடியாது. முழக்கங்களால் இட ஒதுக்கீட்டைக் காப்பாற்றிய காலம் முடிந்துகொண்டிருக்கிறது. இனி நீதிமன்றத்திலும் மக்கள் மன்றத்திலும் எண்கள்தான் அதைக் காப்பாற்றும். எனவே இந்தச் சேர்க்கைக் காலத்தில், இடம் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் சேர்ந்தே அரசிடம் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: யாருடைய இடம் யாருக்குப் போனது என்ற முழுக் கணக்கையும் எங்களுக்குக் காட்டுங்கள்.